விளையாட்டுடை விளம்பரமும் எளிய வீரரும்

பொருளை விற்பதோடு விளம்பரத்தின் வேலை முடிந்துவிடுவதில்லை. எந்த உடல் அழகானது, எந்த மனிதர் பார்க்கத் தக்கவர் என்று சமுதாயத்துக்கு அது நாள்தோறும் பாடம் கற்பிக்கின்றது. விளையாட்டுடை விற்கும் நிறுவனங்கள் நெடுங்காலமாக இருவகை மனிதரையே இப்பாடத்துக்கு எடுத்துக்காட்டாக நிறுத்தி வந்தன. ஒரு வகையினர் புகழின் உச்சியில் நிற்கும் வீரர். மற்ற வகையினர் படம் பிடிப்பதற்கென்றே உடலைப் பேணித் தொழில் செய்யும் மாடல்கள். அண்மைக் காலத்தில் மூன்றாம் வகையினர் ஒருவரும் படத்துக்கு அழைக்கப்படுகின்றனர். அவர்கள் விடியலில் ஓடுபவர்கள். வேலை முடிந்த மாலையில் பந்தடிப்பவர்கள். பதக்கம் பெறாத எளிய வீரர்கள். இம்மாற்றத்தை நாம் எங்ஙனம் மதிப்பிடுவது? யாழ்ப்பாணக் குடாநாட்டின் விளையாட்டு வரலாற்றை முன்வைத்து ஆராய்ந்தால் இக்கேள்விக்கு விடை கிடைக்கும் என்பது நம் கருத்து.

குடாநாட்டுக்கு விளையாட்டுப் புதியதன்று. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் மோதும் துடுப்பாட்டப் போட்டி 1904 இல் தொடங்கியது. அதே மத்திய கல்லூரியிற் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952 இல் ஹெல்சிங்கியிலும் 1956 இல் மெல்பேணிலும் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிகளிற் பங்குகொண்டார். 1958 இல் தோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் தாண்டி, அவ்விழாவில் இலங்கைக்கு முதற் பொன்னை ஈட்டித் தந்தார். 1962 இல் ஜகார்த்தாவில் வெள்ளிப் பதக்கமும் பெற்றார்.

இத்தகைய வீரரின் படத்தை அன்று ஒரு சப்பாத்து நிறுவனம் கேட்டிருந்தால் அவர் இசைந்திருக்க முடியாது. மெய்வல்லுநர் போட்டிகளை அந்நாளில் ஆண்டது அமெச்சூர் விதி. போட்டிக்காகக் காசு பெற்றவரும், தம் பெயரையோ படத்தையோ விளம்பரத்துக்கு அளித்தவரும் போட்டியிடும் தகுதியை இழப்பர் என்பது அதன் சாரம். 1972 இல் சப்போரோ குளிர்கால ஒலிம்பிக்குக்குச் சென்ற ஒஸ்திரிய பனிச்சறுக்கு வீரர் கார்ல் ஷ்ரான்ஸ் விளம்பரத் தொடர்புகளைக் காரணமாகக் காட்டித் திருப்பி அனுப்பப்பட்டதை உலகம் அறியும்.

தூய்மையின் பெயரால் நின்ற இவ்விதியின் பிறப்பை நோக்கினால் அதன் வர்க்க இயல்பு விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் உடலுழைத்துப் பிழைக்கும் கைவினைஞரும் கூலியாளும் அமெச்சூர் ஆகார் என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருந்தனர். ஹென்லிப் படகுப் போட்டியில் இவ்விலக்கு 1937 வரை நீடித்தது. செல்வர்க்கு விளையாட்டு பொழுதுபோக்கு. அவர்க்கு ஊதியம் வேண்டியதில்லை. ஏழை வீரனுக்கோ பயிற்சியில் கழியும் ஒவ்வொரு மணியும் இழந்த கூலியாகும். குடியேற்ற ஆட்சியின் பள்ளிக்கூடங்கள் வழியாக இம்மனப்பான்மை நம்மிடையேயும் வந்து குடியேறியது. விளையாட்டுக்காரன் பணத்தைப் பற்றிப் பேசுவது இழுக்கு என்ற எண்ணம் நம் ஊர்களில் இன்றும் அழிந்துவிடவில்லை.

ஒலிம்பிக்கின் அமெச்சூர் விதி 1970 களிலும் 1980 களிலும் படிப்படியாகத் தளர்ந்தது. ஆயினும், கதவு திறந்தபோது உள்ளே புகுந்தவர்கள் வெகு சிலரே. 1996 மார்ச்சில் இலங்கை அணி துடுப்பாட்டத்தில் உலகக் கிண்ணத்தை வென்றது. வெற்றி வீரரின் முகங்கள் விளம்பரங்களை நிரப்பின. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான், 1995 அக்டோபர் இறுதியில், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடு வாசல் துறந்து தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தனர். தென்னிலங்கையில் விளையாட்டு வணிகமாக வளர்ந்த ஆண்டுகளில் நம் மைதானங்கள் பாழ்பட்டுக் கிடந்தன. ஒரு தலைமுறையின் ஆற்றல் எவர் கண்ணிலும் படாமலே கழிந்தது.

இதற்கிடையே மேலைநாட்டு விளம்பரத் துறையில் வேறொரு போக்குத் தோன்றியது. அமெரிக்காவின் நைக்கி நிறுவனம் 1988 இல் தன் புகழ்பெற்ற முழக்கத்தோடு வெளியிட்ட முதல் விளம்பரத்தில் தோன்றியவர் வால்ட் ஸ்டாக் என்னும் 80 வயது முதியவர். சான் பிரான்சிஸ்கோவின் தங்கவாயிற் பாலத்தின் மீது வெற்று மார்புடன் அவர் ஓடி வருகின்றார். கட்டடங்களுக்குச் செங்கல்லும் சாந்தும் சுமந்து வாழ்ந்த தொழிலாளி அவர். இங்கிலாந்தின் அரச விளையாட்டு அமைப்பு 2015 இல் பெண்களை விளையாட்டுக்கு அழைத்து ஓர் இயக்கம் நடத்தியது. பிறர் தம் உடலைப் பார்த்து என்ன சொல்வரோ என்னும் அச்சமே பெண்களைத் தடுக்கின்றது என உணர்ந்த அவ்வமைப்பு, மாடல்களை ஒதுக்கி, வியர்வையும் சதையும் தெரிய ஓடும் சாதாரணப் பெண்களையே திரையில் நிறுத்தியது.

அண்டை நாடான இந்தியாவிலும் இப்போக்கைக் காணலாம். 2014 இல் நைக்கி வெளியிட்ட துடுப்பாட்ட விளம்பரம், நாடெங்கும் தெருக்களிலும் திடல்களிலும் ஆடிய 1,400 க்கும் மேற்பட்ட இளைஞரின் படங்களைத் தொடுத்து ஆக்கப்பட்டது. 2016 இல் பெண்களுக்காக எடுத்த விளம்பரத்தில் சென்னை ஸ்குவாஷ் வீராங்கனை ஜோஷ்னா சின்னப்பாவும், வண்டி இழுத்துப் பிழைத்த தந்தையின் மகளான ஹொக்கி வீராங்கனை ராணி ராம்பாலும் இடம்பெற்றனர். ஆயினும் அவர்களுடன் நடிகை தீபிகா படுகோனையும் சேர்த்தே அதனை எடுத்தனர். உழைப்பாளியின் மகளை நம்பிப் படம் எடுத்தவர்களுக்கும் நட்சத்திரத்தின் துணையின்றி முழு நம்பிக்கை பிறக்கவில்லை போலும்!

இப்போக்கில் நன்மை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. யாழ்ப்பாணத்திற் பெண்பிள்ளை விளையாட்டுடை அணிந்து மைதானத்தில் இறங்குவது இன்றும் பல வீடுகளில் வாதத்துக்குரிய விடயம். ஊர் என்ன சொல்லும் என்ற ஒரு கேள்வி எத்தனையோ ஓட்டக்காரிகளைப் பாதியில் நிறுத்தியிருக்கின்றது. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியில் தொடங்கிக் கோலூன்றிப் பாய்தலில் தேசியச் சாதனையை மீண்டும் மீண்டும் புதுக்கிய அனித்தா ஜெகதீஸ்வரனையும், 2009 இலும் 2018 இலும் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற அணிகளின் தூணாக விளங்கிய தர்ஜினி சிவலிங்கத்தையும் எண்ணிப் பாருங்கள். தர்ஜினியின் உயரம் 2 மீற்றர் 8 சென்ரிமீற்றர். எந்த விளம்பர அளவுகோலுக்கும் அடங்காத அவ்வுயரமே நாட்டுக்கு வெற்றி தேடித் தந்தது. இத்தகையோரின் வழியில் நடக்கும் ஊர்ப் பெண் ஒருத்தி, தன் கறுத்த நிறத்தோடும் உரம் ஏறிய தோளோடும் கடைத்தெரு விளம்பரப் பலகையில் நின்றாளாயின், அவளைப் பார்க்கும் தாய்மாரின் தயக்கம் சிறிதேனும் குறையும்.

ஆனால் நிறுவனம் எளிய வீரரை நாடுவது அன்பினால் அன்று. மாடலுக்குக் கொடுக்கும் கட்டணத்தை அவருக்குக் கொடுக்க வேண்டியதில்லை. அவர் முகத்தில் மக்கள் காணும் உண்மையோ எந்த நடிகராலும் தர முடியாதது. அந்த உண்மையே விலைப்பொருளாகின்றது. விலையைப் பெறுபவர் யார் என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

நம் குடாநாட்டில் இக்கேள்வி தொலைவில் இல்லை. ஊர்தோறும் உள்ள விளையாட்டுக் கழகங்களைப் பாருங்கள். உதைபந்தாட்டத்துக்கும் கரப்பந்தாட்டத்துக்கும் இறங்கும் நம் இளைஞரின் மார்பில் கடைகளின் பெயரும், புலம்பெயர்ந்தோர் நடத்தும் வணிக நிலையங்களின் பெயரும் அச்சிடப்பட்டிருக்கின்றன. அனுசரணை என்று அதற்குப் பெயர். ஒரு சோடிச் சீருடைக்காக அவர்கள் பருவம் முழுவதும் நடமாடும் விளம்பரப் பலகைகளாகின்றனர். அன்பளிப்பு என்று நன்றி கூறுகின்றோமேயன்றி, இது கொடுக்கல் வாங்கல் என்று எண்ணிப் பார்த்தோமா? 2020 இல் லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கி ஓர் அணி களமிறங்கிக் கிண்ணத்தையும் வென்றது. அதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த வீரர் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவராய் ஆடக் கிடைத்தபோது மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்தை ஊரே கொண்டாடியது. ஓர் ஊர்ப் பிள்ளையின் முகம் ஒரு வணிக அணிக்கு எவ்வளவு பெரிய மூலதனம் என்பதை அன்று கண்டோம்.

இன்னொருத்தியையும் இங்கே மறத்தலாகாது. இலங்கையின் பண்ட ஏற்றுமதியில் முதலிடம் வகிப்பது ஆடைத்தொழில். 2009 இல் போர் முடிந்த பின்னர் குடாநாட்டை அடுத்த கிளிநொச்சியிலும் அப்பால் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. போரில் உழைப்பாளரை இழந்த குடும்பங்களின் பெண்கள் பலர் அங்கே தையல் இயந்திரங்களின் முன் அமர்ந்திருக்கின்றனர். வெளிநாட்டு விளம்பரம் எளிய மனிதரின் உடலைப் போற்றுகின்றது. அவ்வுடலுக்கு உடை தைக்கும் எளியவளோ படத்துக்கு வெளியே நிற்கின்றாள். சாதாரண மனிதரே வீரர் என்பது மெய்யானால், நாள் முழுதும் குனிந்து மணிக்கு இத்தனை உருப்படி என்று கணக்குக் கொடுப்பவளின் உழைப்பும் அந்தப் பெருமையிற் பங்கு பெற வேண்டும். அவளது கூலியில் அது தெரிய வேண்டும்.

ஆகவே விளம்பரத்தை வெறுத்து ஒதுங்குவது தீர்வாகாது. அது பழைய அமெச்சூர் பெருமிதத்தின் மறுவடிவமாகவே முடியும். வீரரின் படத்தை எடுப்பவர் அவருக்கு விளங்கும் தமிழில் எழுத்து உடன்படிக்கை செய்யட்டும். எவ்வளவு காலம், எங்கெங்கே அப்படம் பயன்படும் என்பதை அதிற் கூறட்டும். உடையை அன்பளித்துவிட்டுப் போகாமல் உழைப்புக்குரிய பணத்தை நல்கட்டும். பாடசாலைப் பிள்ளையாயின் பெற்றோரின் இசைவின்றிப் படக்கருவியைத் தொடாதிருக்கட்டும். விளம்பரத்தில் வீரரின் பெயரும் ஊரும் கழகமும் இடம்பெறட்டும். ஈட்டிய பணத்தில் ஒரு பங்கு அவரை ஆளாக்கிய மைதானத்துக்கும் பயிற்றுநருக்கும் சேரட்டும். கழகங்கள் தனித்தனியே கையேந்தி நிற்காமல், ஒன்றுகூடி இவற்றை நிபந்தனைகளாக முன்வைத்தால் எந்த வணிகரும் எளிதில் மறுத்துவிட முடியாது.

எதிர்வீரசிங்கத்தின் காலத்தில் வீரர் தம் படத்துக்கு விலை கேட்பது குற்றமாக இருந்தது. இன்று அந்தத் தடை இல்லை. நம் பிள்ளைகளின் முகத்தைத் தேடி வருவோரிடம் உரிய விலையைக் கேட்கும் துணிவை அவர்களுக்கு ஊட்டுவது, அவர்களைக் கைதட்டி ஊக்கும் நம் எல்லோரதும் கடமையாகும்.