பள்ளி உணவு கற்பிக்கும் பாடம்

யப்பானின் சுருவோக்கா நகரில், 1889ஆம் ஆண்டு, பௌத்த விகாரையொன்றில் இயங்கிய ஆரம்பப் பாடசாலை, ஏழைச் சிறார்க்குச் சோற்றுருண்டையும் சுட்ட உப்பு மீனும் ஊறுகாயும் வழங்கிற்று. அந்நாட்டுப் பள்ளி உணவின் தொடக்கம் இதுவே என்பர்.

போருக்குப் பின்னர் அவ்விடத்தை வெளிநாட்டுக் கோதுமைப் பாண் பிடித்தது. 1954இல் பள்ளி உணவுக்கெனச் சட்டம் எழுந்தது. 1976இல் சோறு முறைப்படி மீண்டது. 2005இல் உணவுக் கல்விக்கென்றே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பசி தணிக்கப் பிறந்த வழக்கம் பாடமாகவும் வளர்ந்தது.

இன்று அங்கே மாணவரே உணவு பரிமாறுகின்றனர். தம் ஊரில் விளைந்தது எது, விளைவித்தவர் யார் என்றும் கற்கின்றனர்.

நம் குழந்தை சோற்றை மீதம் விட்டால் கடிந்து பயனில்லை. அது விளைந்த வயலை ஒருமுறை காட்டுவோம்.