தேதியை மறந்த கம்ப்யூட்டர்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் இரண்டு பீரியட் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தவர்கள் இதையும் தாங்குவீர்கள்.

உங்களில் பலர் வீட்டில் பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் ஒன்று இருக்கும். ஒருநாள் அதைப் போட்டால் தேதி பத்துப் பதினைந்து வருடம் பின்னால் போய் நிற்கும். கறுப்புத் திரையில் ஏதோ இரண்டு வரி வந்து எஃப்1 பொத்தானை அழுத்தச் சொல்லும். பிள்ளையின் ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தைப் போடலாம் என்று இணையதளத்தைத் திறந்தால், பாதுகாப்பில்லை என்று மறுக்கும். கடைசித் தேதி அன்றைக்காக இருந்தால் வீடே பதறிப்போகும். "மதர்போர்டு போச்சு" என்று முடிவு கட்டி, காயலான் கடைக்குத் தூக்கிப் போட்டவர்களும் உண்டு. பெரும்பாலும் போயிருப்பது மதர்போர்டு அல்ல. அதில் செருகியிருக்கும், நூறு ரூபாய்கூடப் பெறாத ஒரு வட்டப் பேட்டரி.

இதில் சரித்திர வாத்தியாருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். தேதி இல்லாமல் சரித்திரமே இல்லை என்பதுதான் என் பதில்.

நம் பழமலைநாதர் கோயிலை 10-ஆம் நூற்றாண்டில் கற்றளியாக எடுப்பித்தவர் செம்பியன் மாதேவி. அந்தக் காலத்துச் சோழர் கல்வெட்டுகளில் கி.பி. கணக்குக் கிடையாது. இன்ன அரசனுக்கு இத்தனையாவது யாண்டு என்றுதான் பொறித்திருப்பார்கள். புது அரசன் வந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அரசன் பெயர் இருந்த வரி சிதைந்துபோனால், "யாண்டு 12" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு நாம் என்ன செய்ய முடியும்? கம்ப்யூட்டரும் விட்ட இடத்திலிருந்து எண்ணிக்கொண்டே போகிறது. எண்ணிக்கை அறுந்தால் தனக்கென்று வைத்திருக்கும் தொடக்க நாளுக்கே திரும்பிவிடுகிறது.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி வெளிவந்தபோது, மின்சாரம் நின்ற பிறகும் ஓடும் கடிகாரம் அதற்குள் கிடையாது. ஒவ்வொரு முறை போடும்போதும் இன்று என்ன தேதி, மணி என்ன என்று நம்மிடமே கேட்கும். சோம்பல்பட்டு வெறுமனே எண்டர் தட்டினால் 1980 ஜனவரி 1 என்று எடுத்துக்கொள்ளும். அன்று எழுதும் கடிதம், கணக்கு எல்லாவற்றின் மேலும் அந்தத் தேதியே விழும்.

1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி அந்தக் குறையைத் தீர்த்தது. பேட்டரியில் ஓடும் மோட்டோரோலா கடிகாரச் சிப் ஒன்றை அதில் வைத்தார்கள். அதன் நினைவகம் மொத்தமே 64 பைட். நேரம், தேதி, அலாரத்துக்கு 10, கட்டுப்பாட்டுக்கு 4, மீதி 50-இல் எந்த வகை ஹார்ட் டிஸ்க், எவ்வளவு மெமரி என்ற அமைப்புக் குறிப்புகள். மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் சீமாஸ் தொழில்நுட்பத்தில் செய்தது என்பதால், பேட்டரிக்கும் சீமாஸ் பேட்டரி என்றே பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆரம்பத்தில் பல போர்டுகளில் சார்ஜ் ஏறும் நிக்கல்-காட்மியம் பேட்டரியைப் பற்றவைத்திருந்தார்கள். வயதானால் அது கசிந்து போர்டையே அரித்துவிடும். பிறகு வந்ததுதான் கழற்றி மாட்டும் லித்தியம் பேட்டரி. சிஆர்2032 என்ற பெயரிலேயே அளவு இருக்கிறது: விட்டம் 20 மி.மீ., கனம் 3.2 மி.மீ. தருவது 3 வோல்ட்.

இதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு சொந்தமும் உண்டு. பீங்கான் வேலை தெரிந்த வீடுகளில் களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றும் பழகிய பெயர்கள். அந்தக் குவார்ட்ஸை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று 1880-இல் பிரான்சில் கியூரி சகோதரர்கள் கண்டார்கள். மின்சாரம் கொடுத்தால் அது அதிரவும் செய்யும். கம்ப்யூட்டர் கடிகாரத்தில் இருப்பது நொடிக்கு 32,768 முறை அதிரும்படி அறுத்த குவார்ட்ஸ் படிகம். அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கிப் பாருங்கள், 1 வரும். அதுதான் ஒரு நொடி. நம் சூளைகளில் வெந்து மின்சாரத்தைத் தடுக்கும் இன்சுலேட்டரில் சேரும் பொருள், அங்கே மின்சாரம் வாங்கி நொடி எண்ணுகிறது.

பேட்டரி தளர்ந்தால் முதலில் கடிகாரம் பின்தங்கும். பிறகு தேதி போகும். பழைய போர்டுகளில் அமைப்புக் குறிப்புகளும் அழிந்து, விண்டோஸ் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்றே தெரியாமல் கம்ப்யூட்டர் விழிக்கும். புதிய போர்டுகள் பலவற்றில் குறிப்புகள் வேறு சிப்பில் இருப்பதால் தேதி மட்டும் போகும். ஹார்ட் டிஸ்க்கில் உள்ள கல்யாணப் படங்கள் எதுவும் அழியாது, பயப்பட வேண்டாம்.

இணையதளம் மறுப்பதற்கும் காரணம் தேதிதான். ஒவ்வொரு தளமும் ஒரு சான்றிதழைக் காட்டுகிறது; அது எந்த நாள் முதல் எந்த நாள் வரை செல்லும் என்று அதிலேயே இருக்கும். இது 2009 என்று நம்பும் கம்ப்யூட்டருக்கு, போன மாதம் கொடுத்த சான்றிதழ் இன்னும் பிறக்காத பத்திரம்.

வெளியிலிருந்து நேரம் வாங்குவது நமக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் ரயில்களே மதராஸ் வானாய்வகத்தின் நேரப்படிதான் ஓடின. 1906 ஜனவரி 1 முதல் இந்தியத் திட்ட நேரம் வந்தது. இன்றைய கம்ப்யூட்டர் இணையத்தில் நேரம் கேட்டுத் திருத்திக்கொள்ளும். இணையம் இல்லாத அலுவலகத்தில், பள்ளியில் அதற்கு வழியில்லை. தவறான தேதியோடு கணக்குகளும் வருகைப் பதிவுகளும் சத்தமில்லாமல் சேரும். பத்து வருடம் கழித்துப் பார்ப்பவருக்கு எது முன், எது பின் என்று புரியாது. எனக்குப் பெரிய நஷ்டமாகத் தெரிவது இதுதான்.

பள்ளி நடத்துபவர்களுக்கு ஒரு செய்தி. டெஸ்க்டாப்பின் பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை பேட்டரிக்கு அநேகமாக வேலையில்லை. மெயினை அணைத்துப் பூட்டிய லேபில்தான் அது சீக்கிரம் தீரும். கோடை விடுமுறை முடிந்து திறக்கும்போது முதலில் தேதியைப் பாருங்கள்.

மாற்றுவது எளிது. அமைப்புத் திரையைச் செல்போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியைக் கழற்றுங்கள். புதியதை, கூட்டல் குறி பழையதில் எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் வரும்படி செருகி, தேதியைச் சரிசெய்யுங்கள். அதன் பிறகும் தேதி நிற்கவில்லை என்றால் மட்டும் மெக்கானிக்கிடம் போங்கள்.

பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கு முக்கியமாக ஒன்று: பழைய பேட்டரியை மேசையில் போட்டுவைக்காதீர்கள். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். தீர்ந்த பேட்டரி என்று அலட்சியம் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

உங்கள் கம்ப்யூட்டர் எந்த வருடத்தில் போய் நின்றது என்று கீழே எழுதுங்கள். படித்துப் பார்க்க ஆசை. எல்லோரும் நலமாக இருங்கள்.