அலைகடற் காவலர்

பகற்பொழுதிற் கடலில் நீராடுவது குற்றம் என்று ஒரு சட்டம் இருந்ததெனக் கூறின் இன்று நேயர்கள் நகைப்பர். எனினும், அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியில் 1830களிலிருந்து அத்தகைய சட்டம் நடைமுறையில் இருந்தது. காலை 6 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில், பிறர் கண்ணிற் படும் இடத்தில் எவரும் கடலாடுதல் கூடாது. நாகரிகத்தின் பெயரால் எழுந்த கட்டுப்பாடு அது.

சிட்னி நகரின் வடபால் உள்ள மான்லி என்னும் கடற்கரையூரிற் பத்திரிகை நடத்திய வில்லியம் கோச்சர் என்பார், 1902ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், தாம் நண்பகலிற் கடலாடப் போவதாகத் தமது பத்திரிகையிலேயே அறிவித்துவிட்டுக் கடலில் இறங்கினார். பொலிசார் முதலிற் பாராதவர்போல் இருந்தனர், பின்னர் அழைத்துச் சென்றனர், வழக்கோ தொடரப்படவில்லை. அடுத்த ஆண்டில் மான்லி நகரசபை, கழுத்து முதல் முழங்கால்வரை மூடிய உடையணிந்தோர் பகலிலும் நீராடலாம் என விதித்தது.

தடை நீங்கியது, ஆபத்து வந்தது. கடலை அறியாத நகரமாந்தர் ஆயிரக்கணக்கில் அலைகளுட் புகுந்தனர். அலைகள் கரைக்குக் கொணர்ந்து குவிக்கும் நீர் மீண்டும் கடலுக்குப் போயாக வேண்டுமன்றோ? மணல் திட்டுகளுக்கு இடையே பள்ளமான வழியொன்றைக் கண்டு அது ஆறுபோல் ஓடும். அலை உடையாமல் அமைதியாகத் தோன்றும் இடமே பெரும்பாலும் இந்த இழுவை நீரோட்டம் ஓடும் இடம். அறியாதவன் அமைதியை நம்பி அங்கேயே இறங்குகிறான். இழுபட்டபின் நீரோட்டத்தை எதிர்த்து நீந்திக் களைத்து மூழ்குகிறான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் அவன் தப்புதல் கூடும்.

இந்நிலையிலேதான் நீச்சல் வல்ல இளைஞர் சிலர், கூலி எதுவும் பெறாமல், தத்தம் கடற்கரைகளைக் காக்க முன்வந்தனர். பொண்டாய்க் கழகம் 1907 பெப்ரவரியில் அமைந்தது. அதற்கு முன்னரே தம் கழகம் தோன்றிவிட்டது என்பர் அயலிலுள்ள புரொன்டிக் கடற்கரையார். இந்த முதன்மை வழக்கு நெடுங்காலமாகத் தீர்ந்தபாடில்லை. 1907 ஒக்டோபரிற் கழகங்கள் ஒன்றுகூடிச் சங்கம் ஒன்றை நிறுவின. அதே மாதத்தில், ஆடவரும் பாவாடை போன்ற உடை அணிந்தே நீராட வேண்டுமென ஒரு யோசனை எழுந்தது; அதனை எள்ளி, ஆடவர் பெண்களின் பாவாடைகளை அணிந்து ஊர்வலம் வந்தனர். யோசனை கைவிடப்பட்டது.

இவர்களுடைய தலையாய கருவி கயிற்றுருளை. மரச்சட்டத்திற் பொருத்திய உருளையிலே நீண்ட கயிறு சுற்றப்பட்டிருக்கும். ஒருவர் கயிற்றின் நுனியிலுள்ள பட்டியை உடலிற் பூட்டிக்கொண்டு அலைகளைப் பிளந்து நீந்துவார். கரையில் நிற்போர் கயிற்றைக் கைகளில் உயர்த்தி அளவோடு விடுவர். தத்தளிப்பவரைப் பற்றியதும் அவர் கையை உயர்த்துவார், கரையினர் இழுப்பர். வேகமாக இழுத்தால் இருவரும் நீருக்குள் அமிழ்வர். கயிற்றிற் கடற்பாசி சிக்கினால் மீட்கச் சென்றவரே மாளவும் கூடும். ஆதலின் இடைவிடாத பயிற்சி தேவைப்பட்டது. 1910இல் வெண்கலப் பதக்கத் தேர்வு ஏற்பட்டது.

இத்தொண்டின் பெருஞ்சோதனை 1938ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், பொண்டாயில் வந்தது. கடற்கரையிற் பெருங்கூட்டம். நூற்றுக்கணக்கானோர் கரைக்கு அப்பாலிருந்த மணல் திட்டில் நின்று அலையாடினர். திடீரெனப் பேரலைகள் ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து வந்தன. அவை கரையேறித் திரும்பிய வேகத்தில், திட்டில் நின்றோரில் ஏறக்குறைய 250 பேர் ஆழத்திற்கு அடித்துச் செல்லப்பட்டனர். நற்பேறாக, கழகத்தினர் பெருந்தொகையினராய் அவ்வேளை கரையில் இருந்தனர். உருளைகளோடு சிலரும், பலகைகளோடு சிலரும், வெறுங்கையராய்ச் சிலரும் பாய்ந்தனர். அச்சத்தால் அறிவு கலங்கியோர், மீட்க வந்தவரையே பற்றிக்கொண்டு அவரையும் கீழே இழுத்தனர். கயிறுகளிற் பலர் ஒருங்கே தொங்கினர். மணலிற் கிடத்தப்பட்டோரிற் பலர் நினைவற்றுக் கிடந்து, செயற்கைச் சுவாசத்தால் மீண்டனர். இறந்தோர் ஐவர். ஐவர் என்பது சிறுதொகையன்று. ஐந்து வீடுகளின் துயரம் அது. ஆயினும் ஏறக்குறைய 250 பேர் இழுபட்ட கடலிலிருந்து ஏனையோர் அனைவரும் உயிரோடு மீண்டனர். மீட்டவர்களோ, மற்ற நாள்களில் வேறு தொழில்செய்து பிழைத்த சாதாரண மனிதர்.

இப்பெருமையிற் குறையொன்றும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் இளைஞர் படைக்குச் சென்றபோது கடற்கரைகளைக் காத்தவர்களிற் பெண்கள் பலர். ஆனால் போர் முடிந்ததும் அவர்கள் உணவு சமைக்கவும் நிதி திரட்டவும் மட்டுமே வேண்டப்பட்டனர். பெண்களின் உடல்வலிமை போதாது என்பதே கூறப்பட்ட காரணம். போர்க்காலத்தில் அக்காரணம் எங்கே போயிருந்தது? 1980இலேதான் பெண்கள் முழு உரிமையுடன் காவற்பணியில் அமர்த்தப்பட்டனர். அதன்பின் வந்த தலைமுறையில், சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கிடையே ஞாயிறுதோறும் தாயும் மகளும் ஒரே முறைக் காவலில் நிற்கும் கழகங்கள் தோன்றின.