கப்பலேறி வந்த சட்டம்



சிங்கப்பூரின் வடகிழக்கில் செங்காங் என்னும் நகர் இருக்கிறது. ‘செழிப்பான துறைமுகம்’ என்பது அச்சீனப் பெயரின் பொருள். முன்னாளில் அங்கே ரப்பர்த் தோட்டங்களும், ஆற்றங்கரையில் மீனவர் கிராமமும் இருந்தன. இன்றோ எங்கு நோக்கினும் அடுக்குமாடி வீடுகள். அவற்றின் நடுவே வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயமும் உண்டு. அவ்வீடுகளில் பெரும்பாலானவை அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டியவை. அவற்றை யார் வாங்கலாம், யார் வாங்கக்கூடாது என்பதற்கு விதிகள் உண்டு.

வீட்டுக்கும் விதிக்கும் உள்ள தொடர்பு தோட்டக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. வேலை போனால் லயத்து வீடும் போகும் என்ற நிலையில் நம் பாட்டன்மார் வாழ்ந்தார்கள். ஆகவே, சட்டத்தாலும் வீட்டாலும் அல்லற்பட்ட வேறு சிலருடைய வரலாறு நமக்கு எளிதில் விளங்கும்.

ஆணை விரும்பும் ஆணும், பெண்ணை விரும்பும் பெண்ணும் எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். இவர்களைத் தன்பாலீர்ப்பாளர் என்கிறோம். இஃது ஒரு நோயன்று. உலகச் சுகாதார நிறுவனம் 1990ஆம் ஆண்டிலேயே இதனை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. எனினும், நெடுங்காலம் இவர்களைக் குற்றவாளிகளாக வைத்திருந்தது சட்டம். அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது?

1860ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இந்தியத் தண்டனைச் சட்டத்தை இயற்றினர். அதன் 377ஆம் பிரிவு ‘இயற்கைக்கு மாறான’ உறவைக் குற்றமாக்கியது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய நீரிணைக் குடியேற்றங்களுக்கு 1871இல் இயற்றிய தண்டனைச் சட்டமும் அதே அச்சில் வார்த்ததே. இலங்கைக்கு 1883இல் அதுபோன்ற சட்டம் வந்தது. தேயிலைக்கும் ரப்பருக்கும் ஆட்களை ஏற்றிவந்த அதே ஆட்சிதான் இந்தச் சட்டத்தையும் கப்பலேற்றி அனுப்பியது.

1938ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ச் சட்டத்தில் 377ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தனர். இரண்டு ஆண்களுக்கிடையிலான உறவு, நான்கு சுவருக்குள் நிகழ்ந்தாலும், ஈராண்டு வரை சிறைக்குரியதாயிற்று. இங்கிலாந்து 1885இல் செய்த சட்டத்தின் நகல் அது. வியப்பு என்னவெனில், இங்கிலாந்தே 1967இல் தன் சட்டத்தைத் தளர்த்திக்கொண்டது. தாய்வீட்டில் கைவிட்ட பழக்கத்தை மருமகள் வீட்டில் காப்பாற்றி வந்த கதைதான்!

2007இல் சிங்கப்பூர் நாடாளுமன்றம் தண்டனைச் சட்டத்தைத் திருத்தியது. பழைய 377ஆம் பிரிவு போயிற்று. 377ஏ மட்டும் நின்றது. அதை நீக்கக் கோரும் மனுவும் அவையின் முன் வந்தது. அப்போது பிரதமராக இருந்த லீ சியன் லூங், பிரிவு இருக்கும், ஆனால் அதனை முனைந்து நடைமுறைப்படுத்தமாட்டோம் என்றார். பயன்படுத்தாத அரிவாள்தானே, சுவரில் தொங்கினால் என்ன என்று நாம் கேட்கலாம். அதன் கீழே பாய் விரித்துப் படுப்பவனுக்குத்தான் அந்த அச்சம் தெரியும்.

2009 முதல் ஹாங் லிம் பூங்காவில் ஆண்டுதோறும் இளஞ்சிவப்பு உடையணிந்து மக்கள் கூடத் தொடங்கினர். ‘பிங்க் டாட்’ என்பது அக்கூட்டத்தின் பெயர். பெற்றோரும் நண்பர்களும் உடன் வந்து நின்றனர். மறுபுறம் வழக்குகளும் நடந்தன. 2010இல் கைதான ஒருவருக்காக வழக்கறிஞர் எம். ரவி வாதாடினார். இச்சட்டத்தை எதிர்த்து வழக்காட அம்மனிதருக்கு உரிமை உண்டு என 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. ஆனால் 2014இல் அதே நீதிமன்றம், சட்டத்தை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லி அவருடைய வழக்கையும் இன்னொரு வழக்கையும் தள்ளுபடி செய்தது.

2018 செப்டம்பர் 6ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம், மனமொத்த பெரியவர்களுக்கு 377ஆம் பிரிவு பொருந்தாது எனத் தீர்ப்பளித்தது. அச்சு பிறந்த இடத்திலேயே அச்சு உடைந்தது. அதற்குப் பின் சிங்கப்பூரில் மூவர் மீண்டும் வழக்குத் தொடுத்தனர். 2022 பிப்ரவரியில், 377ஏ பிரிவை நடைமுறைப்படுத்த இயலாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அறிவித்தது. அவ்வாண்டு நவம்பர் 29ஆம் நாள், சட்ட அமைச்சர் கா. சண்முகம் கொண்டுவந்த நீக்க மசோதா 93 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்த வாக்குகள் மூன்றே. 2023 ஜனவரி 3இல், 84 ஆண்டுகள் நின்ற சட்டம் மறைந்தது.

குற்றம் நீங்கியது, ஆனால் திருமணம் கிட்டவில்லை. குடும்பம் என்ற அமைப்பே மாறிவிடுமோ என்று சமய அமைப்புகள் பலவும் கவலை தெரிவித்தன. ஆகவே அதே நாளில் அரசியல் சட்டத்தையும் திருத்தினர். திருமணம் எது என வரையறுப்பது நாடாளுமன்றத்தின் பொறுப்பு. அதனை அடிப்படை உரிமையின் பெயரால் நீதிமன்றத்தில் எதிர்க்க இயலாது என்பது அத்திருத்தத்தின் சாரம்.

இதன் விளைவைச் செங்காங்கில் காணலாம். மணமான இளந்தம்பதியர் இருபது வயதுகளிலேயே அரசு வீட்டுக்கு மனுச் செய்கின்றனர். இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ எத்தனை ஆண்டு இணைந்து வாழ்ந்தாலும் தம்பதியராக மனுச் செய்ய இயலாது. பொதுவாக, தனியாட்களாகக் கருதப்பட்டு, 35 வயது நிறையும்வரை காத்திருக்க வேண்டும்.

மற்ற நாடுகளில் நிலை என்ன? 2001இல் நெதர்லாந்து முதன்முதலாக இத்திருமணத்தை ஏற்றது. ஆசியாவில் தைவான் 2019இலும், தாய்லாந்து 2025 ஜனவரியிலும் வழிவிட்டன. இந்திய உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் மறுத்தது. மலேசியாவிலும் இலங்கையிலும் ஆங்கிலேயர் விட்டுச்சென்ற தண்டனைப் பிரிவே இன்னும் நீங்கவில்லை.

நேயர்களே! திருமணம் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் இது நம் முன்னோர் வகுத்த சட்டமன்று என்பதையும், மனிதர் வகுத்ததை மனிதர் மாற்ற முடியும் என்பதையும் நாம் மறக்கலாகாது. நம் வீட்டுப் பிள்ளை ஒருநாள் தயங்கித் தயங்கித் தன் மனத்தைத் திறந்தால், நாடாளுமன்றமும் நீதிமன்றமும் அந்த அறையில் இரா. நாம்தான் இருப்போம். வீட்டைவிட்டுப் போ என்று சொல்லாதிருப்பது நம் கையில் இருக்கிறது. கூரையை இழப்பது எத்தகையது என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்?