பாடு படிக்க வந்த பிள்ளைகள்

பழவேற்காடு என்றதும் நம் வயதுக்காரர்கள் டச்சுக்காரரைத்தான் பேசுவோம். 1613இல் கெல்டிரியா கோட்டை, 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது, கல்லறைகள். அந்த ஊருக்கு வந்துபோன இன்னொரு கூட்டம் உண்டு. கல்லூரிப் பிள்ளைகள்.

சுற்றுச்சூழல், நீடித்த வளர்ச்சி என்று இப்போது பட்டப்படிப்புகளே வந்துவிட்டன. வகுப்பறை போதாதென்று பிள்ளைகளை மீனவர் குப்பங்களுக்கு அனுப்புகிறார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு 'ஸ்தாஜ்' என்ற சொல்தான் ஞாபகம் வருகிறது. தொழில் நடக்கும் இடத்தில் கூடவே இருந்து கற்பது.

இது புதிது என்று நினைக்க வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்துக் கிராமங்களை ஆராயச் சொன்னார். அது 1918இல் புத்தகமானது. அதைவிட முக்கியம், 1936-37இல் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களுக்குத் திரும்ப ஆள் அனுப்பி மறு ஆய்வு செய்ததுதான். திரும்பிப் போகிறவர்கள் அபூர்வம்.

பழவேற்காட்டில் தாம்பரம் கிறித்தவக் கல்லூரி விலங்கியல் துறையினர் நீண்ட காலம் ஏரியை ஆராய்ந்தார்கள். பேராசிரியர் சஞ்சீவ ராஜ் பெயரை அங்கே மறக்க முடியாது. ஆனால் இறாலையும் நண்டையும் எண்ணினால் மட்டும் ஏரி புரிந்துவிடாது. அங்கே படிக்க வேண்டிய பெரிய பாடம் 'பாடு'.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் உள்ளிட்ட மூன்று ஊர்ப் பட்டினவர்கள், முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். எந்தக் குழு எந்த நாள் எங்கே வலை போடலாம் என்பது சீட்டில் முடிவாகும். அதிர்ஷ்டமான இடம் ஒருவருக்கே நிலைக்காது. சர்க்கார் எழுதாத சட்டம் இது. கோப்பு கிடையாது, முத்திரை கிடையாது, ஆனால் செல்லும். முப்பத்தைந்து வருஷம் கோப்போடு வாழ்ந்தவன் எனக்குச் சற்றுப் பொறாமைதான். செபாஸ்டியன் மேத்யூ இதை ஆராய்ந்து எழுதியதை ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1991இல் வெளியிட்டது.

ஆனால் பாட்டுக்கு மறுபக்கமும் உண்டு. உரிமை பிறப்பால் வருவது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் தளம் வந்தபோது இடம்பெயர்ந்தவர்களும் இதே ஏரியை நம்பி வந்தார்கள். தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்குச் சீட்டும் இல்லை, முறையும் இல்லை. சாரா கூல்தார்ட் என்ற ஆய்வாளர் 2008இல் எழுதிய கட்டுரை இன்னொரு கோணத்தைக் காட்டியது: மீன்பாடு குறைந்தபோது, பாட்டு உரிமை உள்ளவர்களே ஏரியை விட்டு வேறு தொழிலுக்குப் போகத் தயங்கினார்கள். உரிமையே கட்டிப்போட்டது. பாட்டுக்காரர் திண்ணையில் மட்டும் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் பிள்ளைக்குப் பாதி ஏரிதான் தெரியும்.

இன்னொன்று. அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுக் கல்லூரி நூலகத்தில் உறங்குகின்றன. பதில் சொன்ன மீனவருக்கு ஒரு தமிழ்ப் பிரதியாவது போய்ச் சேர வேண்டாமா? பூநாரை வரும் பனிக்காலத்தில் எல்லாருக்கும் அங்கே போக ஆசைதான். முகத்துவாரம் மணல் மூடி, தண்ணீர் வற்றி, படகு தரைதட்டும் கோடையிலும் பேராசிரியர்கள் பிள்ளைகளை அனுப்ப வேண்டும். அப்போதுதான் குப்பத்தில் உட்கார்ந்து பேச ஆட்களுக்கும் நேரம் இருக்கும்.