வாரிசுக்காக ஒரு கலப்பு மணம்
1937 ஏப்ரலில் டோக்கியோவில் சாகா ஹிரோ என்ற பிரபு குலப் பெண்ணுக்குத் திருமணம். மாப்பிள்ளை பூஜியே, 1912இல் அரியணை இழந்த சீனாவின் கடைசிப் பேரரசர் பூயியின் தம்பி. பேசி முடித்தது ஜப்பானின் குவாண்டுங் ராணுவம்.

பூயி அப்போது மஞ்சூரியாவில் அந்த ராணுவத்தின் பொம்மை அரசர். பிள்ளை இல்லை. தம்பி மகனும் பட்டத்துக்கு வரலாம் என்று திருமணத்துக்கு ஒரு மாதம் முன்பே சட்டம் எழுதிவிட்டார்கள். அரியணையில் ஜப்பானிய ரத்தம் ஏற ஹிரோவின் கருப்பை வேண்டும், அவ்வளவுதான். பயந்துபோன பூயி, அவர் கொடுத்த சாப்பாட்டைக்கூடத் தொடவில்லையாம்.

அகமணமே சாதியின் உயிர் என்று 1916லேயே சொன்னார் அம்பேத்கர். இதுவோ இனம் கடந்த மணம். ஆனால் யார் யாரோடு சேரலாம் என்ற முடிவு அதிகாரத்தின் கையில்தான் இருந்தது. அதற்குப் பெயர் கலப்பு மணமா, தோழர்களே?

பிறந்தது இரண்டும் பெண் குழந்தைகள். சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. 1945இல் அந்த அரசே சரிந்தது. பூஜியே சிறைக்குப் போனார். ஹிரோ இளைய மகளோடு சிறைபட்டு அலைந்து 1947இல் ஜப்பான் திரும்பினார். மூத்தவள் ஹுயிஷெங், அப்பாவுக்குக் கடிதம் எழுத அனுமதி கேட்டுப் பிரதமர் சௌ என்லாய்க்கே எழுதி, வாங்கியும் காட்டினாள். 1957இல், 19 வயதில் இறந்துபோனாள்.

1961இல் ஹிரோ பீஜிங் போய்க் கணவரோடு சேர்ந்தார். இந்த முறை எந்த ராணுவமும் அனுப்பவில்லை. 1987இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார்.