இயந்திரம் ஏடு வாசித்த வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1880ஆம் ஆண்டு குடிசன மதிப்பு எடுக்கப்பட்டபோது, அங்கு 5 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். வீடுதோறும் சென்று விவரம் எழுதிய வேலை விரைவிலே முடிந்தது. எழுதியவற்றை வாசித்து, வகுத்து, கூட்டி வெளியிடும் வேலையோ ஏழாண்டுகளுக்கு மேல் நீண்டது. சனத்தொகை பெருகிக்கொண்டே சென்றமையால், அடுத்த மதிப்பு வருமுன் முந்திய கணக்கு முடியுமா என்னும் ஐயம் எழுந்தது.

அந்த ஐயத்தைத் தீர்த்தவர் ஹேர்மன் ஹொலரித் என்னும் பொறியியலாளர். 1860இல் பிறந்த இவர், 1880ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே பணியாற்றியவர். ஒவ்வொருவரைப் பற்றிய விவரத்தையும் ஒவ்வோர் அட்டையில் துளைகளாக இட்டு, அத்துளைகளை மின்சாரத்தின் துணையால் எண்ணும் முறையை வகுத்து, 1889இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

அவ்வியந்திரம் இயங்கிய விதம் எளிமையானது. அட்டையை அதற்குரிய இடத்தில் வைத்துப் பிடியை அழுத்தினால், மேலிருந்து ஊசிகள் இறங்கும். துளையில்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தடுத்துவிடும். துளையுள்ள இடத்தில் ஊசி ஊடுருவிக் கீழேயுள்ள பாதரசக் கிண்ணத்தைத் தொடும். உடனே மின்சுற்றுப் பூர்த்தியாகி, உரிய வட்டிலின் முள் ஓரிலக்கம் நகரும். அட்டை சரிவரப் பதிவானதும் ஒரு மணி ஒலிக்கும். மணி ஒலிக்காவிடின் ஏதோ பிழை நேர்ந்தது என்று பணியாளர் அறிந்துகொள்வர். 1890இல் 6 கோடியே 20 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களின் விவரங்கள் இவ்வாறே எண்ணப்பட்டன.

ஹொலரித் 1896இல் நிறுவிய கம்பனி, 1911இல் வேறு கம்பனிகளுடன் இணைந்து, 1924இல் ஐ.பி.எம். என்னும் பெயரைப் பெற்றது. அக்கம்பனி 1928இல் வெளியிட்ட அட்டையில் 80 நிரல்கள் இருந்தன. பின்னர் வந்த கணனிகளும் அவ்வட்டையையே நெடுங்காலம் வாசித்தன. 1957இல் வெளியான போட்றான் என்னும் கணனி மொழியில் செய்நிரல் எழுதியோர், எந்த நிரலிலிருந்து எந்த நிரல்வரை ஓர் எண் அமைந்துள்ளது என்பதை முன்கூட்டியே இயந்திரத்துக்கு அறிவித்தனர். அவ்வாறு அறிவியாவிடின், 1045 என்று அட்டையில் உள்ளதை 10 என்றும் 45 என்றும் பிரிப்பதா, 104 என்றும் 5 என்றும் பிரிப்பதா என்று இயந்திரம் எங்ஙனம் அறியும்? மனிதன் பொருளை உணர்ந்து வாசிக்கின்றான். இயந்திரமோ உடன்படிக்கையைப் பின்பற்றி வாசிக்கின்றது.

அட்டைகளின் இடத்தைக் காந்த நாடாவும் தட்டும் பிடித்தபோது, துளைகளுக்குப் பதிலாக எழுத்துக் கோப்புகள் வழக்கில் வந்தன. 1963இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி என்னும் நியமத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உரியது. அந்நியமத்தில் 2 என்னும் இலக்கத்தின் குறியீடு 50. 5 என்பதன் குறியீடு 53. ஆகவே, கோப்பில் 25 என்றிருப்பதைச் செய்நிரல் முதலில் இரண்டு குறிகளாகவே காண்கிறது. ஒவ்வொன்றிலிருந்தும் 48ஐக் கழித்து, முதலாவதைப் பத்தால் பெருக்கி, இரண்டாவதைக் கூட்டிய பின்னரே இருபத்தைந்து என்னும் தொகை பிறக்கின்றது. ஒரு விவரத்தை அடுத்த விவரத்திலிருந்து பிரிக்கக் காற்புள்ளி இடும் வழக்கமும் பரவியது. ஆனால், முகவரியினுள்ளே ஒரு காற்புள்ளி வந்துவிட்டால் ஒரு விவரம் இரண்டாகப் பிளவுபடும். அதனைத் தடுக்க, அம்முகவரியை மேற்கோட் குறிகளுள் அடைக்கவேண்டியதாயிற்று. இங்ஙனம் ஒவ்வோர் இடர்ப்பாட்டுக்கும் ஒவ்வொரு புதிய உடன்பாடு தோன்றியது.

உடன்பாடு பிறழ்ந்தால் நேரும் தீங்கை 2020ஆம் ஆண்டு இங்கிலாந்து கண்டது. கொரோனாத் தொற்றுக்கான பரிசோதனை முடிவுகளை ஆய்வுகூடங்கள் எழுத்துக் கோப்புகளாக அனுப்பின. அந்நாட்டின் பொதுச் சுகாதார நிறுவனம் அவற்றை எக்செல் ஏடுகளில் ஏற்றியது. அவ்வேடுகளோ 65,536 நிரைகளுக்கு மேல் ஏற்காத பழைய வகையைச் சேர்ந்தவை. ஒவ்வொரு முடிவும் பல நிரைகளைப் பிடித்தமையால், ஓர் ஏட்டில் ஏறத்தாழ 1,400 பேரின் விவரமே அடங்கியது. எஞ்சியவை விடுபட்டன. செப்டெம்பர் 25ஆம் திகதிக்கும் ஒக்டோபர் 2ஆம் திகதிக்கும் இடையில் 15,841 தொற்றாளர்கள் நாளாந்தக் கணக்கிலே சேரவில்லை. நோயாளருக்குத் தத்தம் முடிவு தெரிந்திருந்தது. ஆயினும், அவர்களோடு பழகியோரைத் தேடி எச்சரிக்கவேண்டியவர்களுக்கு அப்பெயர்கள் உரிய வேளையிற் கிட்டவில்லை. தொற்று நோய்க்குச் சில நாட் தாமதமும் பெருவாய்ப்பாகும்.

கோப்பிலே எழுதியது பிழையன்று, அனுப்பியதும் பிழையன்று. வாசித்த இடத்திலே எல்லை முடிந்தது; முடிந்ததென்று எவருக்கும் எச்சரிக்கை கிட்டவில்லை. ஹொலரித்தின் இயந்திரத்தில் அட்டைக்கு அட்டை ஒலித்த மணி, 130 ஆண்டுகளின் பின்னர் வந்த அதிவேகக் கருவியில் இல்லாமற் போயிற்று. அனுப்பியவர் எழுதிய வரிகள் எத்தனை, பெற்றவர் வாசித்த வரிகள் எத்தனை என்று இரண்டையும் ஒப்பிட்டிருந்தால், அக்குறை முதல் நாளிலேயே வெளிப்பட்டிருக்கும். வாசிக்கும் வேலையை மனிதன் இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம். முழுவதும் வாசிக்கப்பட்டதா என்று கேட்கும் பொறுப்பு அவனிடமே எஞ்சுகின்றது.